நெடுநல்வாடை: மழையும் பாசறையும் ஓவியமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கையையும் போரையும் அன்றாட வாழ்க்கையையும் கவிதை எப்படிப் பார்க்கிறது, ஓவியம் எப்படிப் பார்க்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாக எடுத்துக் கொடுப்பது ஒரே பாட்டைத்தான். அது சங்க இலக்கியத்தின் பத்து நீண்ட பாட்டுகளின் தொகுப்பாகிய பத்துப்பாட்டில் ஏழாவதாக வைக்கப்பட்டுள்ள நெடுநல்வாடை. அதைச் சேர்ந்து வாசித்தபோதெல்லாம் நண்பர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே விடையோடு தொகுத்திருக்கிறேன்.

இத்தனை பெரிய பொருளுக்கு ஒரே பாட்டுப் போதுமா?

போதும் என்பதே என் அனுபவம். நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மழை பெய்து ஊர் நடுங்குவதில் தொடங்கி, தெருவுக்குள் வந்து, வீடுகளுக்குள் நுழைந்து, அரண்மனையின் வாயில்களைக் கடந்து, கணவனைப் பிரிந்த அரசி படுத்திருக்கும் கட்டிலருகே நின்று, அங்கிருந்து ஒரே தாவலில் போர்ப் பாசறைக்குப் போய் முடிகிறது. இயற்கை, அன்றாட வாழ்க்கை, ஓவியம், போர் ஆகிய நான்கும் அதில் தனித்தனிப் பகுதிகளாக இல்லை. நான்கின் ஊடேயும் ஒரே காற்று வீசுகிறது. அந்தக் காற்றின் பெயரைத்தான் பாட்டு தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது.

தலைப்புக்கு என்ன பொருள்?

வாடை என்பது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. அது எப்படி நெடியதும் நல்லதுமாக ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்குப் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் எளிமையானது: பிரிந்திருக்கும் அரசிக்கு ஒரு பொழுது ஓர் ஊழி போல நீள்வதால் அது நெடிய வாடை, பகைமேற் சென்று வெற்றி காணும் அரசனுக்கு அது நல்ல வாடை. ஒரே காற்று இரண்டு இடங்களில் இரண்டு பெயர் பெறுகிறது.

மழையைப் பாட்டு எப்படிக் காட்டுகிறது? வருணனைதானே?

வருணனை என்ற சொல்லை இங்கே பயன்படுத்த எனக்குத் தயக்கம் உண்டு. அது அழகுபடுத்துவது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. 'வையகம் பனிப்ப' என்று பாட்டு தொடங்குகிறது. பனித்தல் என்றால் நடுங்குதல். முதலில் நடுங்குகிறவர்கள் மாடு மேய்க்கும் கோவலர்கள். வெள்ளத்தை வெறுத்து, மாட்டுக் கூட்டத்தை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போய், பழகிய இடத்தை விட்ட வருத்தத்தோடு நிற்கிறார்கள். தலையில் சூடிய காந்தள் கண்ணி நீரில் நனைந்து குலைகிறது. பலராகக் கூடிக் கொள்ளிக்கட்டையில் கை காய்ச்சியும் பல் கிட்டிப்போகிறது. அடுத்து வருபவை விலங்குகள். மேய்ச்சலை மறந்த மா, கூனிக் குறுகிய மந்தி, கிளையிலிருந்து விழும் பறவை, பால் குடிக்க வந்த கன்றை உதைத்துத் தள்ளும் கறவை. 'குன்று குளிர்ப்பன்ன கூதிர்ப் பானாள்' என்று அந்த வரிசை முடியும்போது மலைக்கே குளிர் எடுத்தது போல இருக்கிறது.

இவ்வளவு துன்பம் சொன்ன பிறகு பாட்டு அப்படியே திரும்புகிறது. அதே மழையில் முசுண்டைக் கொடி வெள்ளையாகவும் பீர்க்கு பொன்னாகவும் புதருக்குப் புதர் பூக்கின்றன. ஈர வெண்மணலில் கொக்கும் நாரையும் கயல்மீனைக் கவர்கின்றன. நெற்கதிர் தலை சாய்கிறது. கமுகங்காயின் உள்ளே இருக்கும் தெளிந்த நீர் மெல்ல இறுகிச் சேறுபோலத் திரண்டு முற்றுகிறது. ஒரு பாக்குக் காயை உடைத்து உள்ளே பார்த்தவருக்கு மட்டுமே தெரியும் செய்தி அது. கோவலனை வருத்திய நீரும் பாக்கை முற்றவைத்த நீரும் ஒன்றுதான் என்பதைப் பாட்டு எங்கும் சொல்லவில்லை. அடுத்தடுத்து வைப்பதோடு நின்றுவிடுகிறது.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு வினைச்சொல். பெருமழை பொழிந்து ஓய்ந்த வெண்மேகங்கள் அகன்ற வானத்தில் 'துவலை கற்ப' என்கிறார் நக்கீரர். கொட்டித் தீர்த்துவிட்ட மேகம் தூறலைக் கற்றுக்கொள்கிறது. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்து வெளுத்த வானம் ஐந்தாம் நாள் காலையில் நிலையில்லாமல் தூறத் தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு சரியானது என்று விளங்கும்.

அன்றாட வாழ்க்கை இந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது? அரசர்களின் பாட்டுத்தானே இது?

பாட்டுடைத் தலைவன் அரசன்தான். ஆனால் அவன் வருவதற்கு முன் ஊர் வருகிறது, அதுவும் மிக நெருக்கத்தில். ஆறு கிடந்தாற்போன்ற அகன்ற தெருவில், கள்ளுண்ட உடல்வலி மிக்க ஆடவர் தூறலைப் பொருட்படுத்தாமல் பகற்பொழுது கடந்தும் இரு முனையும் தொங்கவிட்ட துணியோடு திரிகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு ஒரு சிக்கல். கதிரவனே தெரியாத நாளில் மாலை வந்துவிட்டதை எப்படி அறிவது? பறித்துப் பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. அந்த மணத்தால் பொழுதறிந்து, இரும்பு விளக்கில் எண்ணெய் தோய்ந்த திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். கடிகாரம் இல்லாத உலகில் ஒரு பூ பொழுதைச் சொல்கிறது.

அதற்குப் பிறகு வரும் பகுதியில் பாட்டு வேறொரு முறையைக் கையாள்கிறது. குளிரைச் சொல்ல அது பயன்படாமல் கிடக்கும் பொருள்களைக் காட்டுகிறது. வடநாட்டார் கொண்டுவந்த வெண்ணிற வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு சும்மா கிடக்கிறது. யாரும் சாந்து அரைக்கவில்லை. பெண்கள் மாலை கட்டவில்லை. சில பூக்களைச் செருகிக்கொள்வதற்காகக் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள். தென்றலுக்காகக் கட்டிய மேல்மாடச் சாளரக் கதவுகள் தாழிட்டுக் கிடக்கின்றன. குறுகிய வாயுடைய குடத்துத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. அகன்ற வாயுடைய தடாவில் நெருப்புக் காய்கிறார்கள்.

இந்த வரிசையில்தான் விசிறி வருகிறது. கைத்திறன் மிக்க கம்மியன் அழகாகச் செய்த செந்நிற வட்ட விசிறி சுருக்கப்பட்டு வளைந்த முளையில் தொங்குகிறது. அதன்மேல் சிலந்தி வெண்ணூல் பின்னியிருக்கிறது. விசிறியை எடுத்து எத்தனை நாளாயிற்று என்று கணக்குச் சொல்லத் தேவையில்லை. சிலந்திக்கு வலை கட்ட அவகாசம் கிடைத்துவிட்டது. முதன்முறை இதைப் படித்த கார்த்திகை மாதத்தில் என் அறை மூலையில் நின்ற மேசை மின்விசிறியைப் போய்ப் பார்த்தேன். அதன் கம்பிகளுக்கு நடுவிலும் நூல் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்த ஒரு கணத்தில் இல்லாமல் போனது.

மாடத்துப் புறாவையும் விட்டுவிட முடியாது. செங்கால் சேவல் தன் பெடையோடு மன்றத்துக்கு இரைதேடப் போகாமல், இரவு எது பகல் எது என்று தெரியாமல் செயலற்று, கூரைப் பலகையிலேயே 'மாறுவன இருப்ப' இருக்கிறது. ஒரு கால் கடுத்தால் மறு காலுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள் கொள்வர். புறாவின் கால் வலியை நினைத்துப் பார்த்த கவிஞர் பிற்பாடு காயம்பட்டவர்களைக் காட்டப் போகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓவியம் பாட்டுக்குள் எங்கே வருகிறது?

அரசியின் அறைக்குள் வருகிறது. வெள்ளி போல விளங்கும் சுதை பூசி, நீலமணி போன்ற திரண்ட தூண்களோடு, செம்பால் செய்தது போன்ற நெடுஞ்சுவர்களை உடைய அறை அது. அந்தச் சுவரில் 'உருவப் பல்பூ ஒருகொடி வளைஇ' என்கிறது பாட்டு: பல பூக்கள் கொண்ட ஒற்றைக் கொடி வளைந்து செல்லுமாறு எழுதப்பட்டிருக்கிறது. இது முதல் ஓவியம். வெளியே புதர்தோறும் முசுண்டை பூத்துக்கொண்டிருக்கும் இரவில், உள்ளே உதிராத ஒரு கொடி சுவரில் இருக்கிறது.

இரண்டாவது, கட்டிலின்மேல் இருக்கும் விரிப்பு. சாயமூட்டிய மயிரிழைகளால் சிங்க வேட்டையைப் பொறித்து, இடையிடையே முல்லைப் பூக்களை நிரைத்து, காட்டையே கட்டிலில் விரித்திருக்கிறார்கள். மூன்றாவது, தலைக்குமேல் கட்டிய மெழுகு பூசிய புதிய துணி விதானம். மேடம் முதலாகிய இராசிகளும், அவற்றில் இயங்கும் ஞாயிறும், திங்களும், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன.

'புனையா ஓவியம்' என்ற தொடர் எதைக் குறிக்கிறது?

நான்காவது ஓவியத்தை, அதாவது அரசியையே. முத்தாரம் தாங்கிய மார்பில் இப்போது தாலி மட்டும் தாழ்கிறது. நெற்றியில் கூந்தல் உலர்ந்து சிதறியிருக்கிறது. கனத்த குழைகளைக் கழற்றிவிட்டதால் வெறுமையாகத் தொங்கும் காதில் தாளுருவி என்னும் சிறிய காதணி மட்டும் அழுத்தப்பட்டிருக்கிறது. முன்கையைப் 'பொலந்தொடி தின்ற' கை என்கிறது பாட்டு. பொன்வளையல் நெடுங்காலம் கிடந்து தோலில் பதித்த தழும்பைத் தின்ற தழும்பு என்று சொல்வதில், கழற்றிய பிறகும் அந்த வளையல் அங்கேயே இருக்கிறது. இப்போது அந்தக் கையில் சங்கு வளையலும் காப்புநூலும்தான். பூந்துகில் உடுத்திருந்த இடையில் மாசு ஏறிய நூலாடை.

இந்த நிலையில்தான் 'புனையா ஓவியம் கடுப்ப' என்ற உவமை வருகிறது. வண்ணம் தீட்டாமல், வடிவத்தைக் கோட்டால் மட்டும் எழுதிய சித்திரம் என்று நச்சினார்க்கினியர் பொருள் சொல்கிறார். ஓவியம் வரைபவர்களுக்கு இது பழக்கமான நிலை. கோடு முடிந்திருக்கும்; உருவம் முழுமையாகத் தெரியும்; நிறம் மட்டும் வந்திராது. சுவரில் நிறம், விரிப்பில் நிறம், விதானத்தில் நிறம். நடுவில் கோடாக மட்டும் ஒரு பெண். 'அவள் மெலிந்தாள்', 'அவள் வாடினாள்' என்று சொல்லியிருந்தால் இதில் பாதிகூட வந்திராது.

உரோகிணியைப் பார்த்து அவள் ஏன் பெருமூச்சு விடுகிறாள்?

திங்களுக்கு உரியவர்களாகச் சொல்லப்படும் நட்சத்திர மகளிருள் அவன் விட்டுப் பிரியாதவள் உரோகிணி. விதானத்தில் அவள் எப்போதும் அவனோடு இருக்கிறாள். கீழே இவள் தனித்திருக்கிறாள். 'உரோகிணி நினைவனள் நோக்கி நெடிதுயிரா' என்ற அடி அதைத்தான் சொல்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே விடாத தூறல், மூடிய வானம், அடைத்த சாளரங்கள். அன்றைய இரவில் அந்த ஊரில் யாருக்கும் நட்சத்திரம் தெரிந்திராது. அவள் பார்க்கக் கிடைத்த ஒரே வானம் துணியில் எழுதிய வானம்தான். ஓவியம் ஆறுதல் தரும் என்று நாம் பொதுவாக நம்புகிறோம். இங்கே அது காட்டக் கூடாததைக் காட்டிவிடுகிறது. ஓவியன் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறானோ அவ்வளவு வலிக்கிறது. கண்ணில் திரண்ட நீரைச் செவ்விரலால் கடைக்கண்ணில் சேர்த்துச் சில துளிகளைத் தெறித்துவிடுகிறாள். அழுகையில் அந்தச் சிறு விரலசைவை மட்டும் பாட்டு வரைகிறது.

அந்தக் காலத்து ஓவியங்கள் எவையேனும் இன்று பார்க்கக் கிடைக்கின்றனவா?

நெடுநல்வாடை சொல்லும் சுவரும் விதானமும் நமக்கு இல்லை. சுதையும் துணியும் நம் மழைக்கு அவ்வளவு காலம் தாங்குபவை அல்ல. ஆனால் ஓவியத்தை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு மற்றொரு சங்க நூலாகிய பரிபாடலின் 19ஆம் பாடல் சான்று தருகிறது. திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் ஞாயிறு முதலிய வானச் சுடர்களின் நிலையை எழுதிய சக்கரத்தைப் பார்த்து அறிகிறார்கள். இவள் இரதி, இவன் காமன் என்று கேட்டும் சொல்லியும் நிற்கிறார்கள். இது இந்திரன் பூனையான உருவம், இவள் அகலிகை, இவன் கௌதமன், இது அவள் கல்லான நிலை என்று ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள். கோயில் மண்டபத்தில் இன்றும் ஒரு பாட்டி பேரனுக்கு இப்படித்தான் சொல்லிக்கொண்டு போவாள். விதானத்து இராசிகளும் பரங்குன்றத்துச் சக்கரமும் ஒரே மரபைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

கண்ணால் காண விரும்புபவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குப் போகலாம். அது ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டுக் கூறும் சமணக் குடைவரை. அதன் விதானத்தில் தாமரைக் குளம் இருக்கிறது: மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் ஆடவர். நெடுநல்வாடைக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்றாலும், தலைக்குமேல் ஒரு குளத்தை எழுதி அதன் கீழ் நிற்பது எப்படிப்பட்ட உணர்வு என்பதை அங்கே நின்றால்தான் அறிய முடியும்.

போர் எங்கே? 160 அடிகள் போயும் போரைக் காணவில்லையே?

போர் முன்பே வந்துவிட்டது, நாம் கவனிப்பதில்லை. அரசி படுத்திருக்கும் வட்டக் கட்டில், நாற்பது ஆண்டு நிரம்பிய, போரில் பொருது வீழ்ந்த யானையின் தந்தத்தைச் செதுக்கிச் செய்தது. 'பொருதொழி நாகம்' என்ற தொடரில் நாகம் என்பது யானை. அவள் எந்தப் போரை நினைத்து உறக்கமின்றிக் கிடக்கிறாளோ, அதைப் போன்ற முன்னொரு போரின் எச்சத்தின்மேல்தான் கிடக்கிறாள். பின்னர் பாசறைப் பகுதி திறக்கும்போது முதலில் தெரிவதும் யானைதான். பொன் முகபடாம் அணிந்த போர்யானையின் நீண்டு திரண்ட துதிக்கை வெட்டுண்டு தரையில் புரள்கிறது.

அந்த யானையை வீழ்த்திய வீரர்களின் வாட்புண்ணைக் காண அரசன் நள்ளிரவில் வெளியே வருகிறான். மோதல் இல்லை, முழக்கம் இல்லை. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று, காயம்பட்டவர்களை வரிசையாகக் காட்டுகிறான். பின்னே பெண்யானையும், சேணம் களையாத குதிரைகளும் சேற்றுத் தெருவில் உடல் சிலிர்த்து மழைத்துளியை உதறுகின்றன. அரசனின் மேலாடை தோளிலிருந்து நழுவுகிறது. அதை இடக்கையால் அணைத்துக்கொள்கிறான். மற்றொரு கையை, தோளில் வாளைக் கோத்த ஓர் இளம் வீரனின் தோள்மீது வைத்திருக்கிறான். முகத்தில் பரிவு இருக்கிறது. மாலை தொங்கும் வெண்குடை 'தவ்' என்று அசைந்து தூறலை மறைக்கிறது. நழுவும் துணியைப் பிடித்துக்கொள்ளும் ஓர் அரசனைப் போர்க்காட்சியில் நாம் வேறெங்கும் எளிதில் பார்த்துவிட முடியாது.

ஓவியர் ஒருவர் இந்தப் பாட்டில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

விளக்குகளை. பள்ளிச் சிறுவர்களுக்குக் காட்டுவதற்காக இந்தப் பாசறையை நான் ஒருமுறை வண்ணத்தில் எழுத முயன்றேன். சுடரை நேராக எழுதிவிட்டு, பாட்டைத் திரும்பப் படித்தபோது தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 'வடந்தைத் தண்வளி எறிதொறும் நுடங்கித் தெற்கேர்பு இறைஞ்சிய தலைய' என்கிறது பாட்டு. வாடை வடக்கிலிருந்து அடிப்பதால் ஒவ்வொரு வீச்சுக்கும் சுடர்களின் தலை தெற்கே சாய்கிறது. காற்றை யாராலும் வரைய முடியாது. சாய்ந்த சுடரை வரைய முடியும்.

பிறகு பாட்டின் மற்ற விளக்குகளைத் தேடினேன். அரண்மனையில் யவனர் என்னும் மேலைநாட்டார் செய்த பாவை கையில் ஏந்திய அகலில் நெய் நிறைந்திருக்கிறது. அங்கே சுடர் 'நிமிரெரி'. காற்று நுழையாத அறையில் சுடர் நிமிர்ந்து நிற்கிறது. தெருவில் இரும்பு விளக்கு. அரண்மனையில் நிமிர்ந்த சுடர். பாசறையில் தெற்கே வணங்கிய சுடர். இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதினாலே பாட்டின் பாதியைச் சொல்லிவிடலாம். பாசறையின் விளக்குக்குப் 'பாண்டில் விளக்கு' என்று பெயர். அரசியின் கட்டிலுக்கும் 'பாண்டில்' என்றே பெயர். வட்டமானது என்ற பொருளில் ஒரே சொல் இரண்டு இடத்திலும் வருவது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதே சமயம், ஓவியத்துக்கு எட்டாதவையும் இங்கே உண்டு. பிச்சி மணத்தால் பொழுதறிவதை எந்த நிறம் காட்டும்? குளிரில் தளர்ந்து குரல் திரிந்த யாழ் நரம்பை ஆடல்மகளிர் தம் நெஞ்சோடு சேர்த்து வெதுவெதுப்பாக்கிப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள்; அந்த நரம்பு சரியான சுருதிக்குத் திரும்பும் கணத்தைச் சொல்லால் மட்டுமே தொட முடியும்.

இது போரைப் புகழும் பாட்டா?

இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். அரசனின் வெற்றியை வேண்டும் பாட்டு இது. அதை மறைத்து, இன்றைய நம் விருப்பத்துக்கு ஏற்பப் போர் எதிர்ப்புப் பாட்டு என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது. பாட்டுடைத் தலைவனாகச் சொல்லப்படும் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் சேரனையும் சோழனையும் வேளிர் என்னும் குறுநிலத் தலைவர் ஐவரையும் வென்றவன். அந்த எழுவரின் பெயர்களையும் அகநானூற்றின் 36ஆம் பாடலில் நக்கீரர் வரிசையாகத் தருகிறார். மிக இளம் வயதில் களம் புகுந்தவன் இவன். கிண்கிணி கழற்றிய காலில் கழல் அணிந்து, சிறுவர் அணியும் ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றாமல் நிற்கிறானே, இவன் யாரோ என்று புறநானூற்றின் 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். அவனே பாடியதாக உள்ள புறநானூற்றின் 72ஆம் பாடலில், தன்னைச் சிறுவன் என்று இகழ்ந்தவர்களை வெல்லாவிட்டால் தன் குடிமக்கள் 'கொடியன் எம் இறை' என்று அழட்டும் என வஞ்சினம் கூறுகிறான்.

அவன் வெற்றி மற்றவர்களுக்கு என்ன செய்தது என்பதை மாங்குடி மருதனார் அவனைப் பாடிய மதுரைக்காஞ்சியே சொல்கிறது: 'நாடெனும் பேர் காடாக', ஊர் இருந்த இடம் பாழாயிற்று. நெடுநல்வாடையில் அந்தப் பகைநாடு இல்லை. எதிர்த்தவர்களின் வீட்டில் எந்தப் பெண் எந்த ஓவியத்தைப் பார்த்து அழுதாள் என்று பாட்டு கேட்கவில்லை. இந்தக் குறையை உணர்ந்துதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆயினும் போரிலிருந்து எதைத் தேர்ந்து காட்டுவது என்ற இடத்தில் நக்கீரர் செய்திருப்பது சாதாரணமானதல்ல. வாள் சுழலும் களத்தை அவர் காட்டியிருக்கலாம். 782 அடி மதுரைக்காஞ்சியில் அதற்கெல்லாம் இடம் இருந்தது. இவரோ சண்டை ஓய்ந்த இரவையும், சேற்றையும், புண்ணையும், தூங்காத ஒருவனையும் மட்டும் எடுத்துக்கொண்டார். வஞ்சினம் கூறிய அந்த இளைஞன் இங்கே வாய் திறக்கவில்லை.

இது அகப்பாட்டா, புறப்பாட்டா?

காதல் வாழ்வைப் பாடுவது அகம்; போரையும் அரசரையும் பாடுவது புறம். பிரிந்த பெண்ணின் துயரம் இருப்பதால் இது அகம் போலத் தெரிகிறது. தலைவன் பெயரோ தலைவி பெயரோ பாட்டுக்குள் இல்லை. ஆனால் 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு' என்று பாண்டியரின் அடையாளப் பூவாகிய வேம்பு வந்துவிட்டது. ஒருவரை இன்னாரென்று சுட்டிவிட்டால் அது அகமாகாது என்பது இலக்கணம். அதனால் நச்சினார்க்கினியர் இதைப் புறத்தில் வைத்து, வெற்றியைப் பாடும் வாகைத் திணையின் கூதிர்ப்பாசறை, அதாவது குளிர்காலப் பாசறை, என்றார். ஒரு வேப்பந்தழை பாட்டின் திணையையே மாற்றிவிட்டது.

முல்லைப்பாட்டும் இதே பொருளைத்தானே பேசுகிறது?

ஆம், நப்பூதனாரின் 103 அடி முல்லைப்பாட்டிலும் மழைக்காலம், காத்திருக்கும் பெண், பாசறையில் உறங்காத அரசன் எல்லாம் உண்டு. ஆனால் அங்கே அரசன் வென்று, தேரில் திரும்பி வருகிறான். இங்கே யாரும் திரும்பி வருவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

முதன்முறை படிப்பவர் எப்படித் தொடங்குவது?

உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதன் பின் வந்த எளிய உரைகளும் பல உண்டு. முதல் 72 அடிகளை மட்டும் ஒரு மழைநாளில் உரக்கப் படியுங்கள். அரண்மனைக் கட்டுமானப் பகுதி கடினமாக இருந்தால் தயங்காமல் தாண்டிப் போய், கட்டிலிலிருந்து தொடரலாம். அதைப் பிறகு திரும்பிப் படிக்கும்போது, நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இரண்டு கோல் நட்டுத் திசை குறித்து, நூலறிந்தவர்கள் கயிறிட்டு மனை வகுத்த செய்தி தனியே சுவைக்கும்.

'இன்னே முடிக' என்ற வேண்டுதல் யாருடையது, எதைப் பற்றியது?

பாட்டில் 'இன்னே' என்ற சொல் இரண்டு முறை முக்கியமாக வருகிறது. அரசியும் அரசனும் பாட்டு முழுவதும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பேசுபவர்கள் நரை கலந்த கூந்தலை உடைய செவிலியர்தாம். சிறு பேச்சும் நெடும் பேச்சுமாகப் பலவற்றைச் சொல்லி, 'இன்னே வருகுவர் இன்துணையோர்' என்று தேற்றுகிறார்கள். இப்போதே வந்துவிடுவார். அவள் அதை ஏற்கவில்லை, மேலும் அழுகிறாள். வயதான பெண்கள் ஆறுதலாகச் சொல்லும் இந்த 'இப்போது வந்துவிடுவார்' என்ற பேச்சு, கணவனைத் தொலைவுக்கு அனுப்பிய எந்த வீட்டிலும் கேட்கக் கூடியதுதான்.

சில அடிகளுக்குப் பின் கவிஞரே அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறார். இவளுடைய கொடிய துன்பம் தீர, வெற்றியைத் தந்து, 'இன்னே முடிகதில் அம்ம'. வெற்றித் தெய்வமாகிய கொற்றவையிடம் வேண்டுவது என்று உரை கொள்கிறது. இப்போதே முடியட்டும் என்கிறார். எது முடிய வேண்டும்? அந்த வினைக்கு உரிய எழுவாய் அங்கே இல்லை. நாம் விடைக்காகக் காத்திருக்கும்போது பாட்டு யானையின் துதிக்கையைக் காட்டுகிறது, புண்ணைக் காட்டுகிறது, சாயும் சுடரை, வேம்பை, சேற்றை, நழுவும் ஆடையை, இளைஞன் தோளில் கிடக்கும் கையை, குடையை, உறங்காத யாமத்தைக் காட்டுகிறது. 'சிலரொடு திரிதரும் வேந்தன்' என்று அவனையும் காட்டிய பிறகு, 188ஆம் அடியின் கடைசிச் சொல்லில்தான் அந்த எழுவாய் வருகிறது: 'பலரொடு முரணிய பாசறைத் தொழிலே'.